பிளக் பாயிண்ட், மெஷின், மறுபடி பிளக் பாயிண்ட்

என் அக்காவின் கணவரை இதில் முழுக்க "அவர்" என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதையால் அல்ல. அக்கா படித்தால் சண்டைக்கு வருவாள், அவ்வளவுதான். மனசுக்குள் நான் அவரை எப்படிக் கூப்பிடுகிறேன் என்பது எனக்கும் என் அறைச் சுவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே லாண்டரியில் வேலை செய்கிறோம், ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். இப்படி ஒரு தண்டனையை எந்த நீதிபதியும் எழுதியிருக்க மாட்டார். ஆஸ்பத்திரிகள், ஓட்டல்கள் எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் துண்டும் எங்களிடம்தான் வரும். நான் வாசல் பக்கம். வண்டியிலிருந்து இறங்கும் மூட்டைகளை அவிழ்த்து, ரத்தக்கறை தனி, எண்ணெய்க்கறை தனி, இன்னதென்று சொல்ல முடியாத கறை தனி என்று பிரிப்பது என் வேலை. மனிதர்கள்மேல் எனக்கு ஏன் நல்ல அபிப்பிராயம் இல்லை என்று கேட்பவர்கள் ஒருநாள் வந்து என் இடத்தில் நின்று மூட்டை அவிழ்த்துப் பார்க்கலாம்.

அக்கா உள்ளே ரோலரில் நின்றாள். சூடேறிய பெரிய உருளைகள். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பை இழுத்துப் பிடித்து உள்ளே விடுவார்கள், அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் கொதிக்கக் கொதிக்க வாங்கி மடிப்பார்கள். விடும் பக்கம் இடுப்பு போகும், வாங்கும் பக்கம் கை போகும். அக்கா வாங்கும் பக்கம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவளுக்குச் சூட்டுத் தழும்பு வரிவரியாக ஓடும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கைகளையும் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேசக்கூடாது. நான்கூடப் பேச மாட்டேன்.

அவர் அங்கே மெக்கானிக். மெஷின், மோட்டார், பெல்ட், கரண்ட் எல்லாம் அவர் ஒருவர்தான். "கரண்டு அண்ணன்" என்று கூப்பிடுவார்கள். அவர் நடந்து போனால் ஆண்கள் வழி விடுவார்கள், பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவருக்கு டெஸ்டர் கிடையாது. எந்தக் கம்பியில் கரண்ட் இருக்கிறது, எதில் இல்லை என்பதைப் புறங்கையால் தட்டிப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். புறங்கையென்றால் கை தானாக உதறிக்கொள்ளும். அதுதான் அவர் கண்ட விஞ்ஞானம்.

"டெஸ்டர் எல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு. என் தோல் சொல்லும்" என்பார்.

தோல் சொல்லுமாம். அந்தத் தோல் எவ்வளவு தடித்தது என்று என்னைக் கேட்டால் தெரியும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, அதாவது எல்லோரும் அவரவர் இடத்தில் வெந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் புது விதி வந்தது. ஒரு வருஷத்துக்குள், சான்றிதழ் உள்ள ஒருவரின் பொறுப்பில்தான் கரண்ட் பெட்டியைத் திறக்க வேண்டும். அப்படி ஒருவர்கூட இல்லாத ஆலைக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. காதிலிருந்து போனை எடுக்காமலேயே குடும்பம் நடத்துகிற எங்கள் மேனேஜரம்மா, அன்றைக்கு ஒரு நிமிஷம் போனை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"வாரத்துல ஒரு நாள் வகுப்பு, மிச்ச நாள் இங்கயே வேலை. ஒரு வருஷம். சம்பளம் பிடிக்க மாட்டோம். முடிச்சா சர்டிபிகேட். நீங்க போறீங்களா அண்ணே?"

"நானா? நான் போட்ட வயரிங்குலதான் உங்க ஃபேன் ஓடுது. என்னைப் போயி ஸ்லேட்டும் பலப்பமும் தூக்கச் சொல்றீங்களா?"

"அப்ப வேற யாராவது போகட்டுமா?"

"எவன் போவான்? போகச் சொல்லுங்க, பாப்போம்."

எவனும் போகவில்லை. போனவள் அக்கா.

என்னிடம்கூட முன்னால் சொல்லவில்லை, அழுத்தக்காரி. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்ன கேக்குறேன், உனக்கு மூளை கீளை குழம்பிடுச்சா? மிக்ஸி சுவிட்சு போட பயப்படுறவ நீ."

"பயப்படல. அது ஷாக் அடிக்குது. சரி பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"நாப்பது தாண்டினவ டிரெய்னியாம். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். என் கை வேகுறதப் பாத்து ஊரு அழலையே."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் ஏத்தி விட்டியா?"

"எனக்கே இப்பதான் தெரியும் மாமா. தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஏத்தி விட்டிருப்பேன்" என்றேன்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் அக்காவிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு என் வழியாகச் செய்தி போகும். "உங்க அக்காகிட்ட சொல்லு, உப்பு பத்தல." "உங்க அக்காகிட்ட கேளு, என் சட்டை எங்க." நான் தபால்காரி. நான் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபாலில் என் பங்காகவும் கொஞ்சம் சேர்த்துவிடுவேன். "அக்கா, உப்பு பத்தலையாம். ரோஷம் இருக்கிறவங்களுக்குத்தான் உப்பு, இவருக்கு எதுக்குன்னு நான் கேக்கல, நீயும் கேக்காத" என்பேன். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு உப்பு டப்பாவைத் தள்ளுவாள்.

கணக்கு எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும். அக்கா பாஸானால், லாண்டரியில் கரண்ட் பெட்டியின் பொறுப்பு அவளுக்கு மட்டும்தான்; அவர் ஒரு திருகாணியைக் கழற்றுவதென்றாலும் அவளைக் கேட்க வேண்டும். ஃபெயிலானால் அவள் ரோலருக்குத் திரும்ப வேண்டும், வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள், அதற்கப்புறம் சாகும்வரை அந்த வீட்டில் அவள் வாயைத் திறக்க முடியாது. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவளுக்கு வேலை கற்றுத்தர வேண்டிய ஆள் அவர். வேறு மெக்கானிக் கிடையாதே.

அவர் கற்றுத்தந்த லட்சணத்தையும் சொல்கிறேன். டிரையருக்குப் பின்னால் துணியிலிருந்து உதிர்கிற பஞ்சு சேரும். சாம்பல் நிறத்தில், நனைந்த பூனைக்குட்டிகள் மாதிரி மூலைக்கு மூலை படுத்திருக்கும். அதைக் கூட்டி அள்ளுகிற வேலையை அவளுக்குக் கொடுத்தார். மாதக்கணக்கில் அதே வேலை. மெஷின் பழுதானால் அவளையும் கூட அழைத்துப்போவார். ஆனால் பெட்டியைத் திறந்ததும் அகலமான தன் முதுகை அதற்கும் அவளுக்கும் நடுவே நிறுத்திவிடுவார்.

"பாத்துக்கோ" என்பார்.

எதைப் பார்ப்பது? சட்டையில் வியர்வை படர்ந்ததையா?

ரோலர் பெண்கள் ஒத்தாசையாக இருந்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் அவரைவிட மோசம். நேற்றுவரை பக்கத்தில் நின்று வெந்தவள் இன்று டிரெய்னியின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போவதை அவர்களால் பார்க்கச் சகிக்கவில்லை. "என்ஜினியரம்மா வந்தாச்சு, எழுந்து நில்லுங்கடி" என்பாள் ஒருத்தி. மெஷின் நின்றால், "புருஷன் ரிப்பேர் பண்ணுவாரு, பொண்டாட்டி வேடிக்கை பாப்பா, நல்ல கம்பெனிடி இது" என்பாள் இன்னொருத்தி. ஓட்டல் வண்டி ஓட்டுகிற அவளுடைய கணவன் கொண்டுவந்த மூட்டையில் என்ன கறை இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடலாமா என்று பலமுறை வாய்வரை வந்தது. அக்கா தடுத்துவிட்டாள்.

வாரத்தில் அந்த ஒரு நாள் வகுப்புதான் அவளுக்கு மூச்சு. பஸ் மாறிப் போய், தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு வருவாள். வந்ததும் சமையலறையில் எனக்குப் பாடம் நடக்கும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். முதல் பாடமே எனக்கு விசித்திரமாக இருந்தது.

"டெஸ்டரை எடுத்தவுடனே மெஷின்ல வைக்கக் கூடாதுடி. முதல்ல நல்லா கரண்ட் வர்ற ஒரு பிளக் பாயிண்ட்ல வச்சுப் பாக்கணும். எரியுதா? அப்புறம்தான் மெஷின்ல. அங்க எரியலைன்னா, மறுபடியும் பிளக் பாயிண்ட்ல வந்து வைக்கணும்."

"எதுக்கு மறுபடி? ஒரு தடவை பாத்தா போதாதா?"

"நடுவுல டெஸ்டர் செத்துப் போயிருந்தா? மெஷின்ல எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தமா, டெஸ்டர் இல்லைன்னு அர்த்தமா? எப்படித் தெரியும்?"

நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். நியாயமாகத்தான் இருந்தது. பொய் சொல்கிறானா என்று ஒருவனைக் கேட்கப்போவதற்கு முன்னால், கேட்கிறவன் யோக்கியனா என்று பார்ப்பது மாதிரி.

அவள் மிக்ஸியைக் கழற்றி மேஜைமேல் பரப்பினாள். உள்ளே ஒரு வயர் தோலுரிந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. வயரை மாற்றி, மூடி, டெஸ்டரைப் பிளக் பாயிண்டில் வைத்தாள், மிக்ஸி உடம்பில் வைத்தாள், மறுபடி பிளக் பாயிண்டில் வைத்தாள். இத்தனை வருஷமாக எங்கள் விரலைச் சுண்டிய மிக்ஸி அன்றைக்குப் பச்சைப்பிள்ளை மாதிரி ஓடியது.

அவர் கதவருகே நின்று பார்த்திருக்கிறார். என்னிடம் சொன்னார், "உங்க அக்காகிட்ட சொல்லு, மூணு தடவை தொட்டுத் தொட்டுப் பாக்குறதுக்குள்ள லாண்டரி தீ பிடிச்சு எரிஞ்சு அணைஞ்சே போயிடும்."

"சொல்லிடறேன் மாமா. மிக்ஸி அடிக்கிற ஷாக்கு நின்னுடுச்சுன்னு உங்ககிட்டயும் சொல்லச் சொன்னா" என்றேன். அப்படி அவள் சொல்லவில்லை. தபாலில் என் பங்கு.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு டிரையர் நின்றது. நான் தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போயிருந்தேன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அவர் சுவிட்சை அணைத்தார். "ஆஃப்" என்று அக்காவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து புறங்கையால் ஒரு தட்டு தட்டினார். கை படாரென்று பின்னால் பறந்து கதவில் மோதியது. உள்ளே ஏதோ ஒன்று சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டதாம். சுவிட்ச் அணைந்தாலும் ஒரு கம்பியில் மட்டும் கரண்ட் நின்றிருக்கிறது. அவர் கையை உதறிக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா? தோல் சொல்லிடுச்சு."

பக்கத்தில் நின்ற ஆண்களும் சிரித்தார்கள், பெரிய வீரன் போருக்குப் போய் வந்த மாதிரி. நான் அக்காவைத்தான் பார்த்தேன். அவர் "ஆஃப்" என்று சொன்னதும் அக்கா திருப்புளியோடு ஒரு அடி முன்னால் எடுத்து வைத்திருந்தாள். அவர் தன் வழக்கப்படி முதுகால் மறைத்து அவளைத் தள்ளியதால்தான் அவள் பின்னால் நின்றாள். அவருடைய அகங்காரம் அன்றைக்கு ஒருநாள் உபயோகப்பட்டது. அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டில் அவருக்குக் கைக்கு எண்ணெய் சூடாக்கிக் கொடுத்தாள். அவர் அதையும் என் வழியாகத்தான் வாங்கிக்கொண்டார்.

வருஷம் முடிந்து பரீட்சை நாள் வந்தது. எழுத்துப் பரீட்சையை அவள் முன்பே முடித்திருந்தாள். மிச்சம் இருந்தது செய்முறை. அதை லாண்டரியிலேயே, வேலை செய்கிற இடத்திலேயே வந்து பார்ப்பார்கள். வந்த எக்ஸாமினர் ஜலதோஷம் பிடித்த ஒல்லி மனிதர். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. லாண்டரிக்குள் வந்த மனிதர்களிலேயே துணி துவைக்கக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் இருந்தவர் இந்த எக்ஸாமினர்தான்.

ரோலரை நிறுத்தவில்லை என்றாலும் எல்லோருடைய கண்ணும் டிரையர் பக்கம்தான் இருந்தது. நான் என் மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றேன். மேனேஜரம்மாவும் போனோடு வந்து நின்றாள். எக்ஸாமினர் சொன்ன வேலை இதுதான்: டிரையர் சுற்றவில்லை, காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். கரண்டை அணைத்து இடத்தை ஒப்படைக்கிற வேலை மட்டும் கூட இருக்கும் மெக்கானிக்குடையது. அதாவது அவருடையது.

எக்ஸாமினர் தன் பையிலிருந்து கருவிகளை எடுத்து மேஜையில் பரப்பினார். "இன்னிக்கு இந்த டூல்ஸ்தான்மா. உங்களோடது வேணாம்."

அவர் டிரையரின் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டு போட்டார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு வருஷத்தில் முதல்தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஆஃப் பண்ணிட்டேன். பூட்டும் போட்டாச்சு. வேலையப் பாரு."

அக்கா டெஸ்டரை எடுத்தாள். மெஷின் பக்கம் போகாமல் சுவரோரம் நடந்தாள். ரோலர் பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிளக் பாயிண்டில் ஒரு ஃபேன் செருகி ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் டெஸ்டரை வைத்தாள்.

எரியவில்லை.

இன்னொரு துளையில் வைத்தாள். விரலைச் சரியாக வைத்து மறுபடி வைத்தாள். எரியவில்லை. ஃபேனைத் திரும்பச் செருகினாள்; ஓடியது. டெஸ்டர் செத்துக் கிடந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. யார் செய்த வேலை என்று எனக்கா தெரியாது? வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். "மாமா, நீங்கதானே? பொண்டாட்டி பாஸாயிடக் கூடாதுன்னு டெஸ்டரைக் கெடுத்து வச்சீங்களா? நல்லா இருப்பீங்களா நீங்க?"

"ஏய், அது அவரு பையிலிருந்து வந்த டெஸ்டர்டி!" என்று அவர் கத்தினார்.

"பையில போட்டது யாரு?"

"சின்னவளே, வாய மூடு" என்றாள் அக்கா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எக்ஸாமினர் மூக்கைச் சிந்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், இது வேலை செய்யல. வேற டெஸ்டர் வேணும்."

"என்கிட்ட வேற இல்லையேம்மா. டைம் ஓடுது. என்ன பண்ணப் போறீங்க?"

"ஸ்டோர்ல இருக்கும். எடுத்துட்டு வரேன்."

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். குரலில் சண்டை இல்லை; அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். உண்மையாகவே புரியாத மாதிரி கேட்டார்.

"எதுக்கு ஸ்டோருக்கு ஓடணும்? நான்தானே அணைச்சேன். நான்தானே பூட்டினேன். இத்தனை வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்துறேன். உனக்கு என் வார்த்தை போதாதா?"

ரோலர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பெண்கூட மடிப்பதைத் தொடரவில்லை. விரிப்புகள் உருளையிலிருந்து வந்து தரையில் விழுந்துகொண்டிருந்தன. மேனேஜரம்மா போனைக் காதிலிருந்து இறக்கினாள். ஒரு "போதும்" சொன்னால் அக்காவுக்கு வீட்டில் ராஜ உபசாரம் கிடைத்திருக்கும். அவளுக்கும் அது தெரியும்.

"போதாது" என்றாள்.

சொல்லிவிட்டு ஸ்டோருக்கு நடந்தாள். ஓடவில்லை. புது டெஸ்டரோடு வந்தாள். பிளக் பாயிண்டில் வைத்தாள், எரிந்தது. மெஷினில் மூன்று கம்பியிலும் வைத்தாள், எரியவில்லை. மறுபடி பிளக் பாயிண்டுக்கு வந்தாள், எரிந்தது. அவர் சொன்னது சத்தியமான உண்மை; கரண்ட் சுத்தமாக இல்லை. அது ஊர் முன்னால் நிரூபணமானதும் அவர் முகம் இன்னும் கறுத்தது. பொய் சொல்லி மாட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன். மெஷினில் அறுந்திருந்த வயரை அக்கா அதிக நேரம் எடுக்காமல் கண்டுபிடித்து மாற்றினாள். டிரையர் சுற்றியது.

எக்ஸாமினர் செத்த டெஸ்டரை எடுத்துத் துடைத்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். "இது எப்பவுமே வேலை செய்யாதும்மா. இதுக்காகவே வச்சிருக்கேன். பாதிப் பேரு நேரா மெஷின்ல வச்சு, எரியல, கரண்ட் இல்லைன்னு கைய வச்சிடுவாங்க. அங்கயே அவங்கள வீட்டுக்கு அனுப்பிடுவேன்." பிறகு அவரைப் பார்த்து, "அணைச்சவரு சொல்றத நம்பாம இருக்கறதுதான் பாதிப் பரீட்சை. நீங்களும் நல்லாத்தான் அவங்கள அழுத்திப் பாத்தீங்க, தேங்க்ஸ்" என்றார். அந்த மனிதர் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே நன்றி சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டெஸ்டர் விஷயத்தில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மற்றதற்கெல்லாம் திட்டாமல் விட்டது நிறைய இருக்கிறது, அதில் கழித்துக்கொள்ளட்டும்.

அக்கா பாஸ். சான்றிதழ் வந்தது, மேனேஜரம்மா அதைக் கண்ணாடி போட்டு, உள்ளே வருகிறவர் தலை இடிக்கிற உயரத்தில் மாட்டினாள். வீட்டில் தபால்கூட நின்றுவிட்டது. உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். ஒருநாள் மட்டும் கைகழுவும் இடத்தில் நின்று, அக்காவுக்கு முதுகைக் காட்டியபடி பேசினார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட."

"எல்லார் முன்னாடியும் நீங்கதான் கேட்டீங்க."

"நான் சொன்னது பொய்யா?"

"இல்ல. ஆனா அன்னிக்கு ஒட்டிக்கிட்ட டிரையர் முன்னாடி நின்னு சொன்னீங்களே ஆஃப்னு, அதுவும் நீங்க பொய் சொல்லல. தெரியாமத்தான் சொன்னீங்க. நீங்க நல்லவரா கெட்டவரான்னு கம்பிக்குத் தெரியாதுங்க."

அவர் குழாயை மூடாமலே போய்விட்டார்.

ஒருவர் மட்டும் போதாது, அடுத்த வருஷத்துக்குள் பெட்டி திறக்கிற எல்லோருக்கும் சான்றிதழ் வேண்டும் என்று மறுபடி உத்தரவு வந்தது. அவர் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லி வீட்டில் படுத்தார். வேறு இடங்களில் விசாரித்தும் பார்த்தார். எல்லா வாசலிலும் அதே கேள்விதான் கேட்டார்கள். கடைசியில் ஒரு காலை நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து டிரையர் முன்னால் நின்றார். அவர் இப்போது டிரெய்னி. அவருக்குக் கற்றுத்தர லாண்டரியில் சான்றிதழ் உள்ள ஆள் ஒருத்திதான். நான் அந்தக் காட்சியைத் தவறவிடுவேனா? மூட்டை ஊறட்டும் என்று வந்து நின்றுவிட்டேன்.

அக்கா டிரையரின் மெயினை இறக்கினாள், பூட்டினாள், சாவியைப் பையில் போட்டாள்.

"ஆஃப் பண்ணிட்டேன். பெட்டியத் திறந்து வேலையப் பாருங்க."

அவர் மூடியைக் கழற்றினார். புறங்கையைத் தூக்கினார்.

"கை!" என்று அக்கா போட்ட கூச்சலில் ரோலர் பக்கம் ஒருத்தி விரிப்பைக் கைநழுவ விட்டாள். "டெஸ்டர் எங்க?"

"எதுக்கு?"

"எதுக்கா?"

"நீதானே அணைச்ச. நீ சொன்னா எனக்குப் போதும்."

என்ன ஒரு நெஞ்சழுத்தம் பாருங்கள். இத்தனை நாளாக மனசுக்குள் தீட்டித் தீட்டி வைத்திருந்திருக்கிறார். பார்க்கிறவர்களுக்குப் பெரிய அன்பு மாதிரி இருக்கும், படுகிறவளுக்கு மட்டும் எங்கே குத்துகிறது என்று தெரியும். ரோலர் பெண்களில் ஒருத்தி நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்தத் தள்ளுவண்டியை எடுத்து அவர் காலில் ஏற்றலாமா என்று இருந்தது.

அக்காவின் கண்ணும் கலங்கியது. ஆனால் அவள் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு டெஸ்டரை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை வாங்கி, வேண்டாவெறுப்பாக, மெஷினின் மூன்று கம்பியிலும் வைத்து வைத்து எடுத்தார்.

"பாரு. எரியல. கரண்ட் இல்ல. திருப்தியா?"

"பிளக் பாயிண்ட்ல வச்சுப் பாருங்க."

அவர் சுவருக்குப் போனார். ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பிடுங்கினார். டெஸ்டரை வைத்தார். அதே இடத்தில் வெகுநேரம் வைத்துக்கொண்டே நின்றார். அது எரியவே இல்லை. எரியாது. இதற்காகவே எங்கிருந்தோ தேடிப்பிடித்து வைத்திருந்தாள்.

அவர் திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை. அந்தச் செத்த டெஸ்டரையும், தன் புறங்கையையும், மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். இவ்வளவு நேரம் தன் உயிர் எதன்மேல் நின்றிருந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவளுடைய ஒற்றை வார்த்தையின் மேல்தான் நின்றிருந்தது.

"நிஜமாவே அணைச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"ஏன், என் வார்த்தை போதாதா?"

அக்கா ஸ்டோர் பக்கம் கையைக் காட்டினாள். அவர் போய் நல்ல டெஸ்டர் ஒன்றை எடுத்துவந்து, ஃபேன் இருந்த பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தார், மெஷினில் வைத்துப் பார்த்தார், மறுபடி பிளக் பாயிண்டுக்கு வந்து வைத்துப் பார்த்தார். அவள் அணைத்துத்தான் இருந்தாள்.

"இன்னிக்கு ஃபெயில்" என்றாள் அக்கா. "போய் டிரையருக்குப் பின்னாடி பஞ்சைக் கூட்டுங்க."

அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பொய் சொல்ல மாட்டேன். அக்கா மட்டும், அவர் டிரையருக்குப் பின்னால் குனியும்வரை பார்த்துவிட்டு, மெயின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.